எலி எத்தனை விநாடி மிதந்தது?

40 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு கண்ணாடி உருளை. அதில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர், 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில். ஒரு வெள்ளை எலியை அதற்குள் விடுகிறார்கள். முதல் சில நிமிடங்கள் அது ஓயாமல் நீந்துகிறது, கண்ணாடியைப் பிறாண்டுகிறது, முங்கி அடியில் வழி தேடுகிறது. வழி இல்லை. மெல்ல மெல்ல அசைவு குறைகிறது. கடைசியில் மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, சும்மா மிதக்கத் தொடங்குகிறது. 15 நிமிடம் ஆனதும் எடுத்துத் துவட்டி, கதகதப்பாக வைத்திருந்து, கூண்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் அதே எலி, அதே உருளை. இந்த முறை 5 நிமிடம்தான். இரண்டு முறைக்கும் நடுவே, சோதிக்க வேண்டிய சேர்மத்தை மூன்று தடவை எலிக்குக் கொடுத்திருப்பார்கள். அந்த 5 நிமிடத்தில், அதாவது 300 விநாடியில், எத்தனை விநாடி எலி அசையாமல் மிதந்தது என்று ஸ்டாப்வாட்ச் வைத்து எண்ணுகிறார்கள். மருந்தில்லாத எலிகளைவிடக் குறைவாக மிதந்தால், அந்தச் சேர்மத்துக்கு மனச்சோர்வை எதிர்க்கும் தன்மை இருக்கக்கூடும் என்று குறித்துக்கொள்கிறார்கள்.

இதுதான் கட்டாய நீச்சல் சோதனை. மனச்சோர்வுக்கு மருந்து தேடும் ஆய்வகங்களில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதிகம் புழங்கிவரும் சோதனைகளில் ஒன்று. செலவு குறைவு, கற்றுக்கொள்வது சுலபம், சில நாட்களில் எண்கள் கைக்கு வந்துவிடும். இதன் உடன்பிறப்பான வால் தொங்கல் சோதனை இன்னும் சுலபம். 1985இல் பாரிசில் உருவானது. சுண்டெலியின் வால் நுனிக்கருகே ஒட்டுநாடாவைச் சுற்றி 6 நிமிடம் தலைகீழாகத் தொங்கவிட்டு, எவ்வளவு நேரம் துள்ளாமல் தொங்குகிறது என்று பார்ப்பார்கள். தண்ணீரே வேண்டாம் என்பதால் உடல் குளிரும் தொல்லை கிடையாது. சில வகைச் சுண்டெலிகள் மட்டும் தம் வாலைத் தாமே பற்றி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டு கணக்கைக் கெடுத்துவிடும். அதைத் தடுக்க வாலில் ஒரு சிறு குழாயை மாட்டிவிடுகிறார்கள்.

மிதக்கும் எலிக்கும், காலையில் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல், பசியில்லாமல், பெற்ற பிள்ளையிடம்கூடப் பேசப் பிடிக்காமல் வாரக்கணக்கில் கிடக்கும் ஒரு மனிதருக்கும் என்ன சம்பந்தம்? எலியின் எடை குறைந்ததா என்று நிறுத்துப் பார்க்கலாம். தூக்கம் கெட்டதா என்று கவனிக்கலாம். குற்ற உணர்வு அதை அரிக்கிறதா, வாழ்ந்து என்ன பயன் என்று அது நினைக்கிறதா என்று கேட்டறிய வழியே இல்லை. எனவே எதையோ ஒன்றை ஈடாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஈடு எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் மனச்சோர்வு மருந்துகள் இரண்டுமே எலியிடமிருந்து வரவில்லை. நோயாளிகளிடமிருந்து வந்தன, அதுவும் தற்செயலாக. 1952இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் என்ற புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நுரையீரல் எப்படித் தேறியது என்பதைவிட, நோயாளிகளின் உற்சாகம்தான் பெரிய பேச்சானது. அவர்கள் வார்டில் ஆடிப் பாடுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இன்னொரு பக்கம் சுவிட்சர்லாந்தில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் மூன்ஸ்டர்லிங்கன் என்ற ஊரின் மனநல மருத்துவமனையில் ரோலண்ட் கூன் என்ற மருத்துவர் இருந்தார். கெய்கி கம்பெனி அவருக்கு ஜி 22355 என்ற எண்ணிட்ட சேர்மம் ஒன்றை அனுப்பியிருந்தது. மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை, சிலருக்குப் படபடப்பு அதிகமானதுதான் மிச்சம். 1956 தொடக்கத்தில் அதையே கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொடுத்தார். சில வாரங்களில் அவர்கள் பேசத் தொடங்கினார்கள், வேலையில் நாட்டம் காட்டினார்கள். அந்தச் சேர்மம்தான் இமிப்ரமின். 1957 செப்டம்பரில் சூரிச்சில் நடந்த உலக மனநல மாநாட்டில் அவர் இதைப் பற்றிப் பேசியபோது கேட்க வந்தவர்கள் ஏறக்குறைய ஒரு டஜன் பேர்தானாம். 

மருந்து கையில் வந்துவிட்டது. அது ஏன் வேலை செய்கிறது என்று தெரியாது. அதைப் போல இன்னொன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு புதிய சேர்மத்தையும் நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. விலங்குச் சோதனை தேவைப்பட்டது இந்த இடத்தில்தான். இங்கே ஒரு இந்தியச் செடி கதைக்குள் வருகிறது.

சர்ப்பகந்தாவின் வேரை மனக்கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் ரத்த அழுத்தத்துக்கும் வெறி கொண்ட மனநோய்க்கும் அது பயன்படுவதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 1949இல் பம்பாயின் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் எழுதிய கட்டுரைதான் மேற்குலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. 1952இல் பாசெல் நகரின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. உலகெங்கும் ரத்த அழுத்தத்துக்கு அதைக் கொடுத்தார்கள். அதை உட்கொண்டவர்களில் சிலர் மனச்சோர்வில் விழுகிறார்கள் என்று மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். அந்தத் தொடர்பை இன்று அவ்வளவு உறுதியாக யாரும் சொல்வதில்லை. ஆனால் அன்று அது பெரிய துப்பாகத் தெரிந்தது. 1955இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் பெர்னார்ட் பிராடியின் குழுவினர், ரெசர்பின் மூளையில் நரம்புகளிடையே சேதி சொல்லும் செரட்டோனின் என்ற பொருளை வற்றச் செய்கிறது என்று கண்டார்கள்.

ரெசர்பின் கொடுத்த சுண்டெலி கூன் போட்டு ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். இமைகள் தொங்கிப்போகும், உடல் சில்லிட்டுவிடும். இமிப்ரமினைக் கொடுத்தால் இமை திறக்கிறது, உடல் சூடேறுகிறது. ஆக, ரெசர்பின் கொடுத்த சுண்டெலியின் கண்ணைத் திறக்க வைக்கும் சேர்மம் எதுவோ அது மனச்சோர்வு மருந்தாகலாம். இமை எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று மதிப்பெண் போட்டே பல ஆண்டுகள் மருந்து தேடினார்கள். இமிப்ரமினின் அண்ணன் தம்பிகள் பல இந்த வழியில் தேறின.

பிறகு சிக்கல் வந்தது. இப்ரிண்டோல், மியான்செரின், விலாக்சசின் என்று சில சேர்மங்கள் மனிதர்களிடம் பலன் தந்தன. ஆனால் வழக்கமான விலங்குச் சோதனைகளில் அவை எதையும் காட்டவில்லை. சோதனையை மட்டும் நம்பியிருந்தால் இவற்றைக் குப்பையில் போட்டிருப்பார்கள்.

நீச்சல் சோதனை பிறந்தது இந்தச் சூழலில். பாரிசில் சின்தேலாபோ மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில் இருந்த ரோஜர் போர்சோல்ட், தண்ணீர் நிரப்பிய புதிர்ப்பாதையில் எலிகளை விட்டு அவை வழி கற்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில எலிகள் வழியைத் தேடாமல், நீந்துவதை நிறுத்திவிட்டு மிதந்தன. சோதனையைக் கெடுக்கும் எலிகள் என்று வேறொருவர் அவற்றை ஒதுக்கியிருக்கலாம். போர்சோல்ட் புதிர்ப்பாதையை விட்டுவிட்டு மிதப்பதைப் பிடித்துக்கொண்டார். 1977இல் அவரும் இரு சக ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரையில், அந்த நிலைக்கு 'நடத்தையில் வெளிப்படும் விரக்தி' என்று பொருள்படும்படி பெயரிட்டார்கள். இமிப்ரமின் மிதப்பைக் குறைத்தது. வழக்கமான சோதனைகளில் தோற்ற அந்த மூன்று சேர்மங்களும் குறைத்தன. மனச்சோர்வுக்குப் பலன் தரும் மின்னதிர்ச்சிச் சிகிச்சைகூடக் குறைத்தது. ஒரே உருளையில் இத்தனையும் தேறியதைப் பார்த்த மருந்துக் கம்பெனிகள் அதைக் கையிலெடுத்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்தச் சோதனை எதை வைத்துச் சரி என்று ஏற்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்குச் சான்று தந்தவை ஏற்கெனவே தெரிந்த மருந்துகள்தாம். கையில் இருக்கும் பழைய சாவிக்கு ஏற்றபடி ஒரு பூட்டைச் செய்தால், அந்தச் சாவியைப் போன்றதே அதைத் திறக்கும். எனக்குத் தெரிந்தவரை இந்தத் துறையின் பாதிச் சங்கடம் இதில் அடங்கிவிடுகிறது. பூட்டு கொஞ்சம் பிசகியபோதெல்லாம் அதைச் சாவிக்கு ஏற்பத் திருத்தினார்கள். 1980களின் இறுதியில் ஃப்ளூவாக்செடின் போன்ற புதிய மாத்திரைகள் சந்தைக்கு வந்தன. செரட்டோனினை மட்டும் குறிவைக்கும் அவற்றின் விளைவைப் பழைய உருளை சரியாகக் காட்டவில்லை. அமெரிக்காவில் இர்வின் லக்கியும் அவருடன் இருந்தவர்களும் 1995இல் தண்ணீரை 30 சென்டிமீட்டர் ஆழமாக்கினார்கள். முன்பு எலி வாலைத் தரையில் ஊன்றி நிற்க முடிந்தது, இனி முடியாது. மிதப்பதை மட்டும் எண்ணாமல் சுவரில் ஏறுவதையும் நீந்துவதையும் தனித்தனியே எண்ணினார்கள். நார்அட்ரினலின் என்ற இன்னொரு சேதிப் பொருளைக் கூட்டும் மருந்துகளில் எலி அதிகம் ஏறியது, செரட்டோனினைக் கூட்டும் மருந்துகளில் அதிகம் நீந்தியது. மிக அழகான முடிவு. ஆனால் இதுவும் எந்த மருந்து எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்கிறதே தவிர, எலிக்கு மனச்சோர்வு இருந்ததா என்ற கேள்வியைத் தொடவில்லை.

காபி குடித்த எலியும் குறைவாகத்தான் மிதக்கும். கேஃபீன், ஆம்ஃபெட்டமின் இரண்டுமே இந்தச் சோதனையில் மனச்சோர்வு மருந்துபோல நடிக்கும். அவை எலியை எங்கே விட்டாலும் ஓட வைப்பதால். இந்தப் பொய்யைப் பிடிக்க, அதே அளவு மருந்து கொடுத்த வேறு எலிகளை ஒரு திறந்த பெட்டியில் விட்டு, எத்தனை கட்டங்களைக் கடக்கின்றன என்று எண்ண வேண்டும். பெட்டியிலும் ஓட்டம் கூடினால் நீச்சல் முடிவுக்கு மதிப்பில்லை. இந்தத் துணைச் சோதனையைச் செய்யாத கட்டுரையைப் படிக்க நேர்ந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று காலக் கணக்கு. மனச்சோர்வு மாத்திரை தொடங்கியவரிடம், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள் என்று மருத்துவர் சொல்வார். எலிக்கோ ஒரே நாளில், சுண்டெலிக்கு ஒரே ஊசியில்கூட, மாற்றம் தெரிந்துவிடுகிறது. மருந்து மூளையில் இறங்கிய உடனே நடக்கும் ஏதோ ஒன்றைச் சோதனை பிடிக்கிறது. நோயாளியைத் தேற்றும் மாற்றம் அதற்குப் பிறகு வாரக்கணக்கில் மெல்ல நடக்கிறது.

மிதப்பது என்றால் என்ன என்பதிலேயே சண்டை இருக்கிறது. விரக்தி என்றார் போர்சோல்ட். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் மொலண்டைக், ரான் டி க்ளூட் இருவரும் 2015இல் எழுதிய கட்டுரையில் அதை மறுத்தார்கள். வெளியேற வழியில்லை என்று கற்றுக்கொண்ட எலி சக்தியைச் சேமிக்கிறது, அது நல்ல உத்தி, நோய் இல்லை என்பது அவர்கள் வாதம். அதற்கு வலுவான ஆதாரம் ஒன்று 1980களிலிருந்தே இருக்கிறது. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட எலி மறுநாள் முன்னைப்போல மிதப்பதில்லை. அழுத்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால் மீண்டும் மிதக்கிறது. அந்த ஹார்மோன் நேற்றைய அனுபவத்தை நினைவில் பதியவைக்கிறது என்று இதை வாசிக்கலாம். அப்படியானால் மிதப்பைக் குறைக்கும் மருந்து எலியின் மனத்தைத் தேற்றியதா, அல்லது நேற்றுக் கற்றதை மறக்கடித்ததா?

இதே போன்ற தலைகீழ் மாற்றம் இன்னொரு புகழ்பெற்ற சோதனைக்கும் நேர்ந்தது. 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் தப்பிக்க முடியாத மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு தப்பிக்க வழி கிடைத்தும் முயலாமல் படுத்துவிட்டதைக் காட்டினார்கள். கையாலாகாத்தனம் கற்றுக்கொள்ளப்படுவது என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தை மனச்சோர்வுக்கும் நீட்டினார்கள். பல தலைமுறை மாணவர்கள் அதைப் பாடமாகப் படித்தார்கள். 2016இல் அதே இருவரும் சேர்ந்து, தங்கள் விளக்கம் தலைகீழாக இருந்தது என்று எழுதினார்கள். நீண்ட துன்பத்தில் முடங்கிப்போவது மூளையின் இயல்பான எதிர்வினையாம். என்னால் இதைக் கட்டுப்படுத்த முடியும் என்பதைத்தான் விலங்கு கற்றுக்கொள்கிறது. அதற்கு மூளையின் முன்பகுதி உழைக்க வேண்டியிருக்கிறது. சொந்தக் கொள்கையை ஐம்பது ஆண்டு கழித்துத் தாங்களே புரட்டிப் போட்டவர்கள் அறிவியலில் அதிகமில்லை.

விலங்குச் சோதனை எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதை ஒரே சேர்மத்தில் பார்க்க வேண்டுமென்றால் மெர்க் கம்பெனியின் எம்.கே.869ஐப் பார்க்க வேண்டும். நரம்புகளிடையே சேதி சொல்லும் பொருட்களில் ஒன்று சப்ஸ்டன்ஸ் பி. அது பற்றும் ஏற்பிக்கு என்.கே.1 என்று பெயர். அந்த ஏற்பியை அடைக்கும் சேர்மம் இது. எலியிலும் சுண்டெலியிலும் இந்த ஏற்பியின் அமைப்பு மனிதருடையதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. மனிதருக்காகச் செய்த சேர்மம் அவற்றில் சரியாக ஒட்டாது. எனவே ஏற்பி மனிதரைப் போலவே அமைந்திருக்கும் கினிப்பன்றியைத் தேர்ந்தெடுத்தார்கள். கினிப்பன்றிக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் கத்தும். மருந்து கொடுத்ததும் கத்தல் குறைந்தது. தெரிந்த மனச்சோர்வு மருந்துகளும் அப்படிக் கத்தலைக் குறைப்பவைதாம்.

1998இல் சயன்ஸ் இதழில் மனிதர்களிடம் நடத்திய சோதனையின் முடிவும் வந்தது. 213 நோயாளிகள், புதிய மருந்து ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த பராக்செடின் என்ற மனச்சோர்வு மருந்துக்குச் சமமாகப் பலன் தந்தது. செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் தொடாமலேயே மனச்சோர்வு குறைந்தது என்பதால் துறையே பரபரத்தது. நாற்பது ஆண்டுகளில் முதன்முறையாக உண்மையிலேயே புதிய ஒன்று என்றார்கள். பிறகு பெரிய அளவில் ஐந்து சோதனைகள் நடந்தன. ஒன்றிலும் வெற்று மாத்திரையை இந்த மருந்து வெல்லவில்லை. அளவு போதவில்லை என்றும் சொல்ல வழியில்லை. மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது ஏற்பிகள் ஏறக்குறைய முழுவதுமாக அடைபட்டிருந்தன. மருந்து போக வேண்டிய இடத்துக்கு ஒழுங்காகப் போனது, செய்ய வேண்டியதைச் செய்தது, நோய் மட்டும் அசையவில்லை.

அதே சேர்மத்துக்கு இன்னொரு வேலை காத்திருந்தது. புற்றுநோய்க்குக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் கடுமையான வாந்தியை உண்டாக்கும். எலிக்கும் சுண்டெலிக்கும் வாந்தி எடுக்கவே வராது, உடலமைப்பு அப்படி. குமட்டினால் எலி களிமண்ணைத் தின்னும். அதையும் ஈடாக அளப்பவர்கள் உண்டு. ஆனால் நீர்நாயின் உறவான ஃபெரெட்டுக்கு வாந்தி வரும். ஃபெரெட்டுக்குச் சிஸ்பிளாட்டின் கொடுத்தார்கள், அது வாந்தி எடுத்தது. என்.கே.1 ஏற்பியை அடைக்கும் சேர்மத்தைக் கொடுத்தார்கள், வாந்தி நின்றது. மனிதரிடமும் நின்றது. 2003இல் அமெரிக்க மருந்துத் துறை அதை அப்ரெபிடன்ட் என்ற பெயரில் ஏற்றது. இன்று இந்தியாவிலும் கீமோதெரபிக்குப் போகிறவர்கள் பலர் அந்தக் கேப்சூலை விழுங்கிவிட்டுத்தான் போகிறார்கள்.

ஒரே மூலக்கூறு, ஒரே ஏற்பி. ஃபெரெட்டின் வாந்தியும் நோயாளியின் வாந்தியும் ஒன்றேதான். அங்கே சோதனை பொய்க்கவில்லை. குட்டியின் கத்தலை மனச்சோர்வுக்கு ஈடாக நாம்தான் வைத்துக்கொண்டோம்; கினிப்பன்றி அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை.

நோய்க்கு இன்னும் நெருங்கிப் போக முயன்றவர்கள் உண்டு. 1980களில் லண்டனில் பால் வில்னர், எலிகளுக்குப் பெரிய துன்பம் எதுவும் தராமல் சின்னச் சின்னத் தொல்லைகளை வாரக்கணக்கில் மாற்றி மாற்றிக் கொடுத்தார். கூண்டைச் சாய்த்து வைப்பது, படுக்கும் மரத்தூளை நனைத்துவிடுவது, ராத்திரி விளக்கைப் போட்டுவிடுவது, முன்பின் தெரியாத எலியைக் கூண்டில் சேர்ப்பது. சில வாரங்களில் எலிக்குச் சர்க்கரைத் தண்ணீர் மீதுள்ள ஆசை குறைந்தது. இன்பத்தில் நாட்டமின்மை மனச்சோர்வின் முக்கிய அறிகுறி. இமிப்ரமின் கொடுத்தால் ஆசை திரும்பியது, அதுவும் மனிதரைப் போலவே சில வாரம் கழித்து. கேட்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லா ஆய்வகத்திலும் எலி சர்க்கரையை வெறுக்கவில்லை. ஒரே செய்முறையைப் பின்பற்றியும் சிலருக்கு முடிவு வந்தது, சிலருக்கு வரவில்லை. இரண்டு மாத உழைப்பு வேறு. ஐந்து நிமிட உருளையோடு அதனால் போட்டி போட முடியவில்லை.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் முடிவு மாறுவதற்கு யாரும் எதிர்பாராத காரணங்களும் இருக்கின்றன. 2022இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் டாட் கோல்டின் குழு ஒன்றைக் கண்டது. கெட்டமின் என்ற மருந்தை ஆண் ஒருவர் ஊசி போட்டால் சுண்டெலியிடம் மனச்சோர்வு எதிர்ப்பு விளைவு தெரிகிறது. பெண் போட்டால் தெரிவதில்லை. காரணம் ஆணின் வாடை. அது சுண்டெலிக்கு ஒரு சிறு கலவரத்தை உண்டாக்குகிறது, கெட்டமின் வேலை செய்ய அந்தக் கலவரமும் தேவைப்படுகிறது. அதற்கு முன் எத்தனை கட்டுரைகளில் ஊசி போட்டவர் ஆணா பெண்ணா என்று யாராவது எழுதியிருப்பார்கள்?

நம் ஊர் நிலைமைக்கு வருவோம். ஃபார்மசி கல்லூரிகளில் முதுகலை ஆய்வேடுகளுக்கு மூலிகைச் சாறும் நீச்சல் சோதனையும் மாறாத ஜோடி. வல்லாரை, நீர்ப்பிரமி, துளசி, அமுக்கரா என்று உருளைக்குப் போகாத இலையோ வேரோ குறைவு. மஞ்சளின் குர்குமினைச் சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் குல்கர்னி குழு சோதித்து 2008இல் எழுதிய கட்டுரையை உலகெங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆய்வேட்டின் வடிவமும் ஏறக்குறைய பழகிப்போன ஒன்று. முதலில் நச்சுச் சோதனையில் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்து எலி சாகவில்லை என்று காட்டுவார்கள். அதில் பத்தில் ஒரு பங்கும் ஐந்தில் ஒரு பங்கும், அதாவது 200, 400, சோதனை அளவாகிவிடும். குழுவுக்கு ஆறு எலிகள். ஒரு குழுவுக்கு இமிப்ரமின் அல்லது ஃப்ளூவாக்செடின். கடைசியில் நட்சத்திரக் குறி போட்ட பட்டை வரைபடம்.

கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தர வேண்டும். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதி அது. விதிக்குட்பட்டு, அக்கறையோடு வேலை செய்யும் மாணவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. கேள்வி, அந்த முடிவு எதைச் சொல்லும் என்பதுதான். ஓர் இலைச்சாற்றில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கும். அவற்றில் ஏதாவது ஒன்று கேஃபீனைப் போல எலியைத் துறுதுறுவென்று ஆக்கினாலே மிதப்பு குறையும். எந்த எலிக்கு எது கொடுத்தோம் என்று தெரிந்தவரே ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்தால், எலி லேசாகக் காலை அசைப்பதை நீச்சலில் சேர்ப்பதா மிதப்பில் சேர்ப்பதா என்ற இடத்தில் மனம் ஒரு பக்கம் சாயும். வீடியோ எடுத்து, விவரம் தெரியாத ஒருவரை எண்ண வைப்பது பெரிய செலவில்லை.

அளவை மாற்றும் கணக்கும் இருக்கிறது. சுண்டெலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால், 60 கிலோ மனிதருக்கு 12 கிராம் என்று பெருக்கிவிடக் கூடாது. சிறு பிராணியின் உடல் மருந்தை வேகமாக எரித்துவிடும். உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடும் வழக்கமான முறையில் 12ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 1 கிராம் வரும். அதுவும் காய்ச்சி வடித்த சாற்றில் 1 கிராம், இலையில் அல்ல. 'மனச்சோர்வைப் போக்கும் வல்லாரை, ஆய்வில் உறுதி' என்று செய்தி வரும்போது இதில் எதுவும் இருக்காது. அதை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

இவ்வளவு சொல்லிவிட்டு உருளைக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1990இல் ரமோன் ட்ருயாசும் ஃபில் ஸ்கால்னிக்கும் குளூட்டமேட் என்ற சேதிப் பொருள் பற்றும் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் சேர்மங்கள் நீச்சல் சோதனையிலும் வால் தொங்கல் சோதனையிலும் பலன் காட்டுவதாக எழுதினார்கள். பத்தாண்டு கழித்து, அதே ஏற்பியை அடைக்கும் கெட்டமின் சில மணி நேரத்திலேயே மனச்சோர்வைக் குறைப்பதை யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறு குழு நோயாளிகளிடம் கண்டார்கள். அதன் உறவான எஸ்கெட்டமினை 2019 மார்ச்சில் அமெரிக்கா ஏற்றது. இங்கே எலி முந்திக்கொண்டது. அதே மாதம் அதே ஏற்பியைத் தொடும் ராபஸ்டினெல் என்ற இன்னொரு சேர்மம், எலிகளிடம் தேறிய பிறகும், மனிதர்களிடம் கடைசிக் கட்டச் சோதனையில் தோற்றது.

உருளைக்கு எதிர்ப்பும் வலுத்துவருகிறது. விலங்கு நல அமைப்புகளின் நெருக்கடியால் சில பெரிய மருந்துக் கம்பெனிகள் இதைக் கைவிடுவதாக அறிவித்தன. 2024இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் சட்டம் போட்டுத் தடை செய்தது. எலிக்கு நேரும் கொடுமை என்பது ஒரு வாதம். அந்தக் கொடுமைக்கு ஈடாக நமக்குக் கிடைப்பது என்ன என்பது இன்னொரு வாதம். எனக்கு இரண்டாவதுதான் கனமாகப் படுகிறது. ஆய்வகத் தட்டில் வளர்க்கும் மூளைத் திசு உருண்டைகளை மாற்றாகச் சொல்கிறார்கள். நச்சுத்தன்மை பார்க்க அவை உதவலாம். மனம் சோர்வதற்கு ஒரு முழு உயிர் தேவைப்படுகிறதே.

எனக்கு நம்பிக்கை தரும் வழி ஃபெரெட் காட்டிய வழிதான். மனிதரும் எலியும் ஒரே வேலையைச் செய்யும்படி பார்ப்பது. உளவியலாளர் டியேகோ பிட்சகல்லி மனிதர்களுக்காக ஒரு கணினி விளையாட்டை அமைத்தார். திரையில் ஒரு கேலிச்சித்திர முகம் தோன்றும். வாய்க்கோடு நீளமா குட்டையா என்று சொல்ல வேண்டும். வித்தியாசம் மிகச் சிறிது. இரண்டில் ஒரு விடைக்கு மட்டும் பரிசு அடிக்கடி கிடைக்கும்படி அமைத்திருப்பார்கள். நலமாக இருப்பவர்கள் தங்களை அறியாமலே அந்தப் பக்கம் சாய்வார்கள். மனச்சோர்வு உள்ளவர்களிடம் அந்தச் சாய்வு குறைவு. 2013இல் இதையே எலிக்கு மாற்றி அமைத்தார்கள்: முகத்துக்குப் பதில் இரண்டு ஒலிகள், பரிசுக்குப் பதில் தீனி உருண்டை. பிரமிபெக்சால் என்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தால் மனிதரின் சாய்வு குறையும் என்று முன்பே தெரியும். எலியின் சாய்வும் குறைந்தது. ஒரே கேள்வி, ஒரே வகை விடை. எலிக்கு இதைப் பழக்கிவிட வாரக்கணக்கில் ஆகிறது, கருவியும் விலை கூடியது. உருளையை வாங்கக் கண்ணாடிக் கடைக்குப் போனால் போதும் என்பதால், பெரும்பாலான ஆய்வகங்களில் எலி இன்னும் மிதந்துகொண்டுதான் இருக்கிறது.